129 வாக்குகளுக்கு எந்த வழி? பாதுகாப்பு அவை விரிவாக்கத்தில் இந்தியாவின் தேர்வுகள்

ஐ.நா. சாசனத்தைத் திருத்த, 193 உறுப்பு நாடுகளில் 129 நாடுகள் பொதுச்சபையில் ஆதரித்து வாக்களிக்க வேண்டும். இந்தியாவுக்கு நிரந்தர இடம் எப்போது என்று கேட்பவர்கள் முதலில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 193-இல் ஆப்பிரிக்காவின் 54 நாடுகளைக் கழியுங்கள். புதிய நிரந்தர இடங்களே கூடாது என்று நிற்கும் ‘காபி கிளப்’பின் 12 நாடுகளையும் கழியுங்கள். இத்தாலி, பாகிஸ்தான், தென் கொரியா, மெக்சிகோ, அர்ஜென்டினா, கொலம்பியா, கோஸ்டா ரிகா, கனடா, ஸ்பெயின், துருக்கி, மால்டா, சான் மரினோ ஆகியவை அந்த 12. மிஞ்சுவது 127. மற்ற எல்லா நாடும், சீனாவையும் சேர்த்து, இந்தியாவின் பக்கம் வந்தாலும் இரண்டு வாக்கு குறைகிறது.

நம் ஊடகங்களில் பேச்சு பெரும்பாலும் வல்லரசுகளைச் சுற்றியே ஓடுகிறது. 2010 நவம்பரில் ஒபாமா நம் நாடாளுமன்றத்தில் ஆதரவு சொன்னார். பிரான்சும் பிரிட்டனும் ரஷ்யாவும் சொல்லிவிட்டன, சீனா மட்டும் வாய் திறக்கவில்லை என்று கதை முடியும். வல்லரசுகளின் சம்மதம் தேவைதான், ஆனால் அது இரண்டாவது பூட்டு. முதல் பூட்டின் சாவி ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகமான அடிஸ் அபாபாவில் இருக்கிறது. இந்தியாவின் முன்னுள்ள ஒவ்வொரு வழியையும் அந்தச் சாவி கிடைக்குமா என்று கேட்டுத்தான் எடைபோட வேண்டும்.

இரண்டு பூட்டுகள்

சாசனத்தின் 108-ஆவது பிரிவு இரண்டு கட்டங்களைச் சொல்கிறது. முதலில், பொதுச்சபையின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. பிறகு, உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு தத்தம் அரசியலமைப்பு முறைப்படி ஒப்புதல் தர வேண்டும். ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் அதில் அடக்கம்.

முதல் கட்டத்தைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி இருந்தது. ‘இது சாசனத் திருத்தமல்ல, கொள்கை அளவிலான தீர்மானம்தான்’ என்று சொல்லி, வாக்களித்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து நிறைவேற்றிவிடலாம் என்பது அந்த யோசனை. 1998 நவம்பரில் நிறைவேறிய 53/30 தீர்மானம் அதை அடைத்துவிட்டது. பாதுகாப்பு அவைச் சீர்திருத்தம் தொடர்பான எந்த முடிவுக்கும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆகவே வராமல் இருப்பவரும் நடுநிலை வகிப்பவரும் எதிர்த்து வாக்களித்ததற்குச் சமம்.

பாதுகாப்பு அவை விஷயத்தில் இரண்டாவது பூட்டு ஒரு முறை திறந்திருக்கிறது. 1963 டிசம்பர் 17 அன்று அவையை 11-இலிருந்து 15 ஆக்கும் தீர்மானம் வந்தபோது 97 நாடுகள் ஆதரித்தன, 11 எதிர்த்தன, 4 விலகி நின்றன. ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஆதரித்தது அப்போது தைபேயிலிருந்த சீன அரசு மட்டுமே. பிரான்சும் சோவியத் யூனியனும் எதிர்த்தன, அமெரிக்காவும் பிரிட்டனும் விலகி நின்றன. அப்படியிருந்தும் ஐந்து நாடுகளும் ஒப்புதல் தந்து, 1965 ஆகஸ்ட் 31 அன்று திருத்தம் நடைமுறைக்கு வந்தது. புதிதாக விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றாக நின்றபின் அவற்றைப் பகைத்துக்கொள்ள எந்த வல்லரசும் விரும்பவில்லை. இதை அப்படியே இன்றைக்குப் பொருத்திவிட முடியாது. அன்று சேர்ந்தவை இரண்டாண்டுத் தேர்தல் இடங்கள் மட்டுமே. நிரந்தர உறுப்பினர்களின் தனியுரிமையில் யாரும் பங்கு கேட்கவில்லை. ஆனாலும் பொதுச்சபையில் பெரும் எண்ணிக்கை திரண்டால் வல்லரசின் ‘முடியாது’ என்ற சொல் இளகும் என்பதற்குப் பாதுகாப்பு அவை விஷயத்தில் நம்மிடம் உள்ள ஒரே சான்று இது.

முதல் வழி: ஜி-4 வரைவை வாக்கெடுப்புக்கு விடுவது

ஜி-4 எனப்படும் இந்தியா, ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் நான்கும் 2005 ஜூலையில் ஒரு வரைவைப் பொதுச்சபையில் வைத்தன. ஆறு புதிய நிரந்தர இடங்கள், நான்கு புதிய தேர்தல் இடங்கள், மொத்தம் 25. தீர்மானம் நிறைவேற 14 வாக்கு. ஆறில் இரண்டு ஆப்பிரிக்காவுக்கு, இரண்டு ஆசியாவுக்கு, ஒன்று லத்தீன் அமெரிக்காவுக்கு, ஒன்று மேற்கு ஐரோப்பியக் குழுவுக்கு. புதியவர்கள் 15 ஆண்டு கழித்து நடக்கும் மறுஆய்வில் முடிவாகும்வரை வீட்டோவை, அதாவது தனியொரு நாடாகத் தீர்மானத்தைத் தடுக்கும் உரிமையை, பயன்படுத்த மாட்டார்கள். 2024 மார்ச்சில் நான்கு நாடுகளும் முன்வைத்த மாதிரியும் சாராம்சத்தில் இதுதான். தேர்தல் இடங்கள் 14 அல்லது 15, மொத்தம் 25 அல்லது 26.

இந்த வரைவில் எந்த நாட்டின் பெயரும் கிடையாது. பலர் இதைக் கவனிப்பதில்லை. முதலில் கட்டமைப்புத் தீர்மானம், பிறகு புதிய நிரந்தர உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் ரகசிய வாக்கெடுப்பு, அதன்பின் சாசனத் திருத்தம், கடைசியில் நாடுகளின் ஒப்புதல் என்பதே ஏற்பாடு. அதாவது இந்தியா தன் பெயருக்கென்று தனியாக மூன்றில் இரண்டு பங்கு வாக்கை ரகசியப் பெட்டியில் எடுத்துக்காட்ட வேண்டும். ரகசியப் பெட்டி என்ன செய்யும் என்பது இந்தியாவுக்குத் தெரியும். 1996-இல் ஆசியாவின் இரண்டாண்டு இடத்துக்கு ஜப்பானோடு மோதியபோது ஜப்பானுக்கு 142, இந்தியாவுக்கு 40.

2005-இல் வரைவு ஏன் வாக்கெடுப்பு வரை போகவில்லை? ஆப்பிரிக்க ஒன்றியம் தனி வரைவு வைத்தது: மொத்தம் 26, புதிய நிரந்தர உறுப்பினர்களுக்கு உடனடி வீட்டோ. காபி கிளப் மூன்றாவதாக ஒன்றை வைத்தது: நிரந்தர இடமே இல்லாமல் பத்து தேர்தல் இடங்கள். ஜி-4-உம் ஆப்பிரிக்காவும் இணைந்திருந்தால் எண்ணிக்கை எட்டியிருக்கும். 2005 ஆகஸ்ட் 4 அன்று அடிஸ் அபாபாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள், வீட்டோ இல்லாத சமரசத்தை ஏற்கவில்லை. அந்த இரண்டு இடங்கள் எந்த இரண்டு நாடுகளுக்கு என்ற கேள்வியும் உள்ளே புகைந்துகொண்டிருந்தது. மூன்று வரைவுகளும் வாக்கெடுப்பைக் காணாமலே அந்தக் கூட்டத்தொடரோடு காலாவதியாயின.

ஆப்பிரிக்கா இல்லாமல் இன்று அதே வரைவை வாக்கெடுப்புக்கு விட்டால் நிச்சயம் தோற்கும். தோல்வியைவிட மோசமானது அது விட்டுச்செல்லும் எண். ‘90 நாடுகள்தான் ஆதரித்தன’ என்று பதிவாகிவிட்டால், அடுத்த 20 ஆண்டுகளுக்கு எதிர்த்தரப்பு அந்த ஒற்றை எண்ணையே கேடயமாகப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது வழி: ஆப்பிரிக்காவோடு ஒரே வரைவு

2005 மார்ச்சில் உருவான ஆப்பிரிக்காவின் பொது நிலைப்பாட்டுக்கு, இன்றைய எஸ்வாத்தினியில் உள்ள எசுல்வினி பள்ளத்தாக்கின் பெயர். அதன் கோரிக்கை: ஆப்பிரிக்காவுக்கு வீட்டோ உட்பட எல்லா உரிமைகளும் கொண்ட குறைந்தது இரண்டு நிரந்தர இடங்கள், ஐந்து தேர்தல் இடங்கள். கொள்கை அளவில் வீட்டோவையே ஒழிக்க வேண்டும் என்றுதான் ஆப்பிரிக்கா சொல்கிறது. ஆனால் அது இருக்கும்வரை எல்லா நிரந்தர உறுப்பினருக்கும் இருக்க வேண்டும் என்கிறது. நிரந்தர உறுப்பினர்களுக்குள்ளேயே மேல்சாதி, கீழ்சாதி கூடாது என்பதே அதன் சாரம். காலனியாட்சியில் நசுங்கிய ஒரு கண்டம் இதைக் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

ஜி-4-இன் 2024 மாதிரியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொத்த எண்ணிக்கையில் ஒன்று கூடக் குறைய, நிரந்தர இடங்களின் பங்கீட்டில் வேறுபாடே இல்லை. மிச்சமிருக்கும் இடைவெளி வீட்டோ மட்டும். ‘உரிமை உண்டு, மறுஆய்வு வரை பயன்படுத்த மாட்டோம்’ என்று எழுதி அந்த இடைவெளியைத் தைத்துவிடலாம் என்று தோன்றும். ஆப்பிரிக்கத் தரப்பு சந்தேகப்படுவது இந்த இடத்தில்தான், அந்தச் சந்தேகம் சரியானதும்கூட. 15 ஆண்டு கழித்து வீட்டோவை நீட்டிக்க மறுபடி 108-ஆவது பிரிவின் வழியே போக வேண்டியிருந்தால், பழைய ஐந்தில் ஒன்று கையெழுத்து மறுத்தாலே போதும். ஆகவே வீட்டோ உரிமையைத் திருத்தத்திலேயே எழுதிவிட்டு, பயன்படுத்தாமல் இருப்பதைப் புதிய உறுப்பினர்களின் தன்னார்வ உறுதிமொழியாகத் தனியே வைப்பதுதான் நேர்மையான சமரசம். அப்படி எழுதினால் ஐந்து நாடுகளின் ஒப்புதல் இன்னும் கடினமாகும். ஆனால் வேறு விதமாக எழுதினால் பொதுச்சபையையே தாண்ட முடியாது.

நடைமுறையில் இந்தியா செய்யும் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் ஆப்பிரிக்கத் தூதர்களைத் தனித்தனியே சந்தித்து ஆதரவு திரட்டுவதில் ஏராளமான உழைப்பு செலவாகிறது. அந்தத் தூதர்களுக்குப் பேரம் பேசும் அதிகாரம் இல்லை. சியரா லியோன் ஒருங்கிணைக்கும் பத்து நாட்டுத் தலைவர்கள் குழுவுக்குக்கூட, பொது நிலைப்பாட்டை எடுத்துச் சொல்லத்தான் ஆணை உண்டு, மாற்றும் அதிகாரம் ஒன்றிய உச்சிமாநாட்டுக்கே. அந்த மாநாடு வழக்கமாக ஆண்டுதோறும் பிப்ரவரியில் கூடுகிறது. ஆகவே அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, எகிப்து, சியரா லியோன் தலைநகரங்களான அபுஜாவிலும் பிரிட்டோரியாவிலும் கெய்ரோவிலும் ஃப்ரீடவுனிலும் நடக்கும் பேச்சுதான் கணக்கில் வரும். 2023 செப்டம்பரில் டெல்லி உச்சிமாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியத்தை ஜி-20-இல் சேர்த்தது இந்தியா சம்பாதித்த நன்மதிப்பு. அதை வரைவு வாக்கியமாக மாற்றும் வேலை இன்னும் பாக்கி.

இந்த வழியில் ஆபத்து இல்லாமலில்லை. 2024 செப்டம்பரில் அமெரிக்கா, ஆப்பிரிக்காவுக்கு இரண்டு நிரந்தர இடங்களை ஆதரிப்பதாக, ஆனால் வீட்டோ இல்லாமல், அறிவித்தது. அதே மாதம் 22-ஆம் தேதி ஏற்கப்பட்ட ‘எதிர்காலத்துக்கான ஒப்பந்தம்’ ஆப்பிரிக்காவுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியைச் சரிசெய்வதை முன்னுரிமையாகக் குறித்தது. சீனாவும் ஆப்பிரிக்காவையே முன்னால் நிறுத்துகிறது. எல்லாம் சரி, ஆனால் ‘முதலில் ஆப்பிரிக்கா மட்டும்’ என்று தனிப்பொட்டலம் கட்டப்பட்டால் ஆசியாவின் கேள்வி அடுத்த திருத்தத்துக்குத் தள்ளிப்போகும். பாதுகாப்பு அவையை விரிவாக்கிய கடைசித் திருத்தம் வந்து 60 ஆண்டு ஆகிவிட்டது என்பதை நினைத்துக்கொண்டால் அடுத்தது எப்போது என்று சொல்லத் தேவையில்லை. அதனால் இந்தியா ஆப்பிரிக்காவின் கோரிக்கையை வெளியிலிருந்து வாழ்த்துவதைவிட, ஒரே வரைவின் ஒரே பத்தியில் இரண்டு கண்டங்களின் இடங்களையும் எழுதிக்கொள்வதே பாதுகாப்பு.

மூன்றாவது வழி: நீண்டகாலத் தேர்தல் இடம்

கோஃபி அன்னான் அமைத்த உயர்மட்டக் குழு 2004-இல் இரண்டு மாதிரிகளைத் தந்தது. முதலாவதில் வீட்டோ இல்லாத ஆறு நிரந்தர இடங்கள், மூன்று தேர்தல் இடங்கள். இரண்டாவதில் எட்டு நான்காண்டு இடங்கள், காலம் முடிந்ததும் மீண்டும் போட்டியிடலாம், கூடவே ஓர் இரண்டாண்டு இடம். இரண்டிலும் மொத்தம் 24. காபி கிளப் இன்று பேசும் நீண்டகால இடங்கள் இந்த இரண்டாவது மாதிரியின் உறவினர்கள்.

இதை ‘ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ’ என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் நியாயமாகப் பார்க்க வேண்டும். இந்தியா இதுவரை எட்டு முறை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. சேர்த்தால் 16 ஆண்டு. ஒவ்வொரு முறையும் முதல் ஆறு மாதம் கோப்புகளைப் பிடிப்பதிலும் கடைசி ஆறு மாதம் மூட்டை கட்டுவதிலும் போகிறது. பெரும்பாலான நாடுகள் குறித்த தீர்மானங்களுக்கு வரைவு எழுதும் பேனா அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் கையில் இருப்பதற்கு, அவர்கள் அங்கேயே இருப்பதும் ஒரு காரணம். நான்காண்டு, எட்டாண்டு தொடர்ந்து இருந்தால் ஆப்கானிஸ்தான், மியான்மர் போன்ற கோப்புகளில் இந்தியாவுக்கும் பேனா கிடைக்க வாய்ப்புண்டு. வீட்டோ சிக்கலும் எழாது. 129-ஐ எட்டுவது மூன்று திருத்த வழிகளிலும் இதில்தான் எளிது.

எனக்கு இதில் இரண்டு தயக்கங்கள். ஒன்று, ஆசிய பசிபிக் குழுவில் 50-க்கும் மேற்பட்ட நாடுகள். ஒவ்வொரு மறுதேர்தலுக்கும் இந்தியா தன் வெளியுறவின் கணிசமான பகுதியை வாக்குச் சேகரிப்பில் கரைக்க வேண்டும், அதுவும் பாகிஸ்தானும் தென் கொரியாவும் அதே குழுவில் இருக்கும்போது. இரண்டாவதுதான் பெரியது. ‘இது முதல் படி, பிறகு மறுஆய்வில் நிரந்தரமாக்கலாம்’ என்ற வாக்குறுதியை நம்ப முடியுமா?

சாசனத்தின் 109-ஆவது பிரிவைப் படித்தால் பதில் கிடைக்கும். சாசனத்தை மறுஆய்வு செய்ய ஒரு மாநாடு நடத்தும் யோசனையைப் பொதுச்சபையின் பத்தாவது கூட்டத்தொடரில் நிகழ்ச்சி நிரலில் வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 1945-இல் வீட்டோவைப் பிடிக்காத சிறிய நாடுகளைச் சமாதானப்படுத்தவே அந்த ஏற்பாடு. பத்தாவது கூட்டத்தொடர் 1955-இல் வந்தது. ‘தகுந்த காலத்தில்’ நடத்தலாம் என்று தீர்மானித்தார்கள். தகுந்த காலம் இன்றுவரை வரவில்லை. சாசனத்துக்குள்ளேயே எழுதிய மறுஆய்வுக்கே இந்தக் கதி என்றால், துணைத் தீர்மானத்தில் எழுதும் மறுஆய்வுக்கு என்ன மதிப்பு? ஆகவே இந்த வழியை ஏற்பதானால் ஒரு நிபந்தனை தேவை: நீண்டகால இடங்கள் குறிப்பிட்ட ஆண்டில் தாமாகவே காலாவதியாகும் என்று திருத்தத்திலேயே எழுத வேண்டும். அப்போதுதான் பேச்சுக்குத் திரும்ப எல்லோருக்கும் அவசரம் இருக்கும். அந்த வரி இல்லாத நீண்டகால இடத்தை இந்தியா ஏற்கக் கூடாது.

நான்காவது: திருத்தம் இல்லாமல் கிடைப்பவை

இது மற்ற மூன்றுக்கும் மாற்றல்ல, கூடவே நடக்க வேண்டியது. இந்தியா 2028-29-க்குப் போட்டியிடுவதாக அறிவித்திருக்கிறது; தேர்தல் 2027 ஜூனில் வர வேண்டும். இரண்டாண்டு இடம் வெறும் அலங்காரம் அல்ல. ஐ.நா. தடைகளை யார்மீது விதிப்பது என்று பார்க்கும் அவையின் தடைக்குழுக்கள் ஒருமித்த கருத்தில் முடிவெடுப்பதால், அங்கே 15 உறுப்பினரில் யார் வேண்டுமானாலும் ஒரு பெயரை நிறுத்தி வைக்கலாம். ஜெய்ஷ்-இ-முகமது தலைவர் மசூத் அசாரைத் தடைப்பட்டியலில் சேர்க்கும் முயற்சியைச் சீனா ஆண்டுக்கணக்கில் தடுத்தது வீட்டோவால் அல்ல, இந்தக் குழு விதியால்தான். 2019 மே 1 அன்றுதான் அது விலகியது. அதே விதி தேர்தல் உறுப்பினருக்கும் கிடைக்கும் ஆயுதம்.

இந்த இடங்களுக்கும் நீண்ட முன்னேற்பாடு வேண்டும். 2011-12 இடத்துக்குக் கஜகஸ்தானும் 2021-22 இடத்துக்கு ஆப்கானிஸ்தானும் விலகி வழிவிட்டதால்தான் இந்தியா போட்டியின்றி வென்றது. அப்படி யாரும் வழிவிடாத காலத்தில், 1992-க்குப் பிறகு 2011 வரை, இந்தியா அவைக்கு வெளியே நின்றது.

2022 ஏப்ரலில் லீக்டன்ஸ்டைன் முயற்சியில் நிறைவேறிய 76/262 தீர்மானத்தின்படி, ஒரு வீட்டோ விழுந்தால் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச்சபை கூடி விவாதிக்க வேண்டும். வீட்டோவை இது தடுக்காது. ஆனால் பயன்படுத்தியவர் 193 நாடுகளின் முன் எழுந்து காரணம் சொல்ல வேண்டிய நெருக்கடி உண்டாகிறது.

செலவு

நிரந்தர இடத்துக்கு ஒரு பில் உண்டு. 2022-24 காலத்தில் ஐ.நா.வின் வழக்கமான வரவுசெலவில் இந்தியாவின் பங்கு 1.044 விழுக்காடு. அமைதிப்படைச் செலவில் வளரும் நாடுகளுக்கான 80 விழுக்காடு தள்ளுபடியால் அது 0.2088 ஆகக் குறைந்தது. 55/235 தீர்மானப்படி நிரந்தர உறுப்பினர்கள் தனிப்பிரிவு. அவர்களுக்குத் தள்ளுபடி இல்லை, பிறரின் தள்ளுபடியையும் அவர்கள்தான் சுமக்கிறார்கள். அமைதிப்படைச் செலவு ஆண்டுக்கு 560 கோடி டாலர் என்று வைத்தால், இந்தியாவின் பங்கு சுமார் 1.17 கோடி டாலரிலிருந்து குறைந்தது 5.85 கோடி டாலராகும், கூடுதல் சுமை தனி. இந்தியாவால் கொடுக்க முடியாத தொகையல்ல. ஆனால் ஆப்பிரிக்காவின் இரண்டு புதிய நிரந்தர உறுப்பினர்களுக்கு இது வலிக்கும். கூட்டு வரைவில் கட்டண விதியையும் சேர்த்துப் பேசினால், இந்தியா தன் நலனைத் தாண்டி யோசிக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

எந்த வரிசையில்

2009-இல் தொடங்கிய அரசுகளுக்கிடையிலான பேச்சுவார்த்தையில் இன்றுவரை ஒரே வரைவின் மேல் பேரம் நடக்கவில்லை. எல்லோரும் ஒப்பினால்தான் வரைவு, வரைவு இல்லாமல் ஒப்புதல் இல்லை என்ற வட்டத்தில் ஆண்டுதோறும் அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிவைக்கிறார்கள். அந்த அறையை விட்டு வெளியேற வேண்டியதில்லை, ஆனால் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ‘சமமான பிரதிநிதித்துவம்’ என்ற விஷயம் பொதுச்சபையின் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. 2005-இல் செய்தது போல எந்த உறுப்பு நாடும் அதன்கீழ் வரைவு வைக்கலாம்.

என் தேர்வு இரண்டாவது வழி. ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு ஒரே வரைவு, வீட்டோ உரிமை திருத்தத்திலேயே, பயன்படுத்தாத உறுதிமொழி தனியே. ஆப்பிரிக்க உச்சிமாநாடு இரண்டு முறை மறுத்துவிட்டால் மட்டும், காலாவதி வரியோடு மூன்றாவது வழி. 2028-29 தேர்தல் வேலை இரண்டுக்கும் இணையாக நடக்க வேண்டும்.

வாக்கெடுப்பைக் கேட்பதற்குமுன் கையில் 129 இருந்தால் போதாது, குறைந்தது 140 வேண்டும். 19-ஆவது பிரிவின்படி, இரண்டு ஆண்டுச் சந்தாவுக்குச் சமமான பாக்கி வைத்த நாடு பொதுச்சபையில் வாக்களிக்க முடியாது. ஆனால் அந்த நாடும் 193-இல் ஒன்றாகவே எண்ணப்படும், எனவே தேவையான 129 குறையாது. இந்தச் சிக்கலில் அடிக்கடி மாட்டுவது ஏழை நாடுகளும் சிறு தீவுகளும்தான், அதாவது நம்மை ஆதரிக்கக்கூடியவர்கள். வாக்கெடுப்பு நாளைக் குறிப்பதற்குமுன் அந்தப் பட்டியலை வாங்கி, யாருடைய பாக்கி தீர வேண்டும் என்று பார்க்க வேண்டும்.